ஸ்கேன் பட்டன்கள்: பேனலில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது?

கோப்புக்கட்டு கேட்டது:
ஏ4 மல்டிஃபங்ஷன் பிரிண்டர், தொடுதிரை பேனல், தாளைத் தானே இழுத்து இருபுறமும் எடுக்கும் ஃபீடர். ஸ்கேன் ஆவது மூன்று வகை: பில், கையொப்பமிட்ட ஒப்பந்தம், அடையாள அட்டை. இப்போது ஒரே ஒரு ‘ஸ்கேன்’ பட்டன்தான். அழுத்தினால் நிறமா, எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), எந்த ஃபோல்டர் என்று வரிசையாகக் கேட்கிறது. ஆளாளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் 40 எம்பி கோப்பும் வருகிறது, படிக்க முடியாத கோப்பும் வருகிறது. ஆளுக்கு ஒரு பட்டனா, ஆவணத்துக்கு ஒரு பட்டனா? கோப்புப் பெயரைப் பேனலிலேயே தட்டச்சு செய்ய விடலாமா?

நீலத்திரை:
ஆவணத்துக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று வைத்தால் ஆள் மாறும்போதெல்லாம் பேனலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பில்: கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்கள் மட்டும்), 300 டிபிஐ, இருபுறம், வெற்றுப் பக்க நீக்கம் ஆன்.

ஒப்பந்தம்: நிறம், 300 டிபிஐ, பிடிஎஃப்/ஏ (நீண்ட காலம் பாதுகாக்க ஏற்ற பிடிஎஃப் வகை), வெற்றுப் பக்க நீக்கம் கட்டாயம் ஆஃப். பின்பக்கத்தில் மங்கலான முத்திரையோ சுருக்கொப்பமோ மட்டும் இருந்தால், அதை வெற்றுப் பக்கம் என்று கழித்துவிடும். பக்க எண்ணிக்கை மூலத்தோடு பொருந்தாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடையாள அட்டை: ஃபீடர் வேண்டாம், கண்ணாடியில் வைத்துத்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் சேர்க்கும் அமைப்பு இருந்தால் அதைப் பட்டனிலேயே பதித்துவிடுங்கள். பேனல் தானாக வெளியேறும் நேரத்தையும் பாருங்கள். 30 வினாடி என்றிருந்தால் அட்டையைத் திருப்பி வைப்பதற்குள் வேலை ரத்தாகலாம். 90 வையுங்கள்.

கோப்புப் பெயரைக் கேட்காதீர்கள். முன்னொட்டு, தேதி, நேரம், வரிசை எண் போதும். தேதியில் ஆண்டு முதலில் வந்தால் ஃபோல்டர் தானே வரிசையாக நிற்கும். தட்டச்சு செய்ய விட்டால் பில் எண்ணில் உள்ள சாய்கோட்டையும் அப்படியே அடிப்பார்கள். விண்டோஸ் கோப்புப் பெயரில் அதை ஏற்காது.

வலைமுடிச்சு:
மேலே சொன்னது பேனல் பாதி. வேலை நிற்பது பெரும்பாலும் மறுபாதியில். ஃபோல்டருக்கு எழுத ஸ்கேனுக்கென்றே தனிக் கணக்கு வையுங்கள்; யாருடைய சொந்தக் கணக்கையும் போட்டால் அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எல்லாப் பட்டனும் செத்துவிடும். பகிர்வு அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டிலும் எழுதும் உரிமை வேண்டும். இரண்டில் எது குறுகலோ அதுதான் செல்லும். ‘இணைப்புச் சோதனை வெற்றி’ என்று வந்தாலும் நம்பாதீர்கள், உள்நுழைய முடிகிறது என்பதை மட்டும் பார்க்கும் இயந்திரங்கள் உண்டு. ஒரு தாளை நிஜமாகவே ஸ்கேன் செய்து பாருங்கள்.

பழைய இயந்திரம் எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பு) மட்டுமே பேசினால், 2017-க்குப் பிந்தைய விண்டோஸ் புதிய நிறுவல்களில் அது இயல்பாகவே அணைந்திருக்கும். அதற்காக அதைத் திரும்ப இயக்காதீர்கள். முதலில் ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மின்னஞ்சல் பட்டன் வைக்கிறீர்களா? கோப்பை இணைத்து அனுப்பும்போது குறியாக்கத்தால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருகும். வரம்பு 25 எம்பி என்றால் கோப்பு 18-ஐத் தாண்டக்கூடாது. அடையாள அட்டைக்கு மின்னஞ்சல் பட்டனே வேண்டாம்.

புள்ளிக்கட்டம்:
கோப்பு ஏன் 40 எம்பி என்பதற்கு: 300 டிபிஐ-யில் ஒரு ஏ4 பக்கம் 2480 × 3508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் நிறத்தில் சுமார் 26 எம்பி, கிரேஸ்கேலில் 8.7, கறுப்பு வெள்ளையில் 1.1. ஆகவே 600 டிபிஐ-யைப் பட்டனில் வைக்கவே வேண்டாம், நான்கு மடங்கு ஆகிவிடும். 200-க்கு இறங்கினால் சிறிய எழுத்தில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல்) தடுமாறும்.

கறுப்பு வெள்ளையில் ஜேபிஐஜி2 என்ற சுருக்கும் முறையைத் தேர்வு செய்தால், இழப்பில்லாத வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இழப்புள்ள வகை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே வடிவமாகச் சேமிக்கிறது. 2013-ல் ஜெராக்ஸ் இயந்திரங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறிப் பதிவானது இப்படித்தான். பில் தொகைக்கு இது விளையாட்டல்ல.

பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக மெல்லிய கோடு வந்தால் அமைப்புகளைத் துழாவ வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஃபீடருக்கான ஒடுக்கமான கண்ணாடிப் பட்டை இருக்கும், கோடு விழ அதில் ஒட்டிய ஒரு துளி வெள்ளை மை (எழுத்துத் திருத்தும் மை) போதும்.

கோப்புக்கட்டு:
நன்றி. 30 பில்லை ஒரே கட்டாக வைத்தால் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்க முடியுமா? இடையில் வெற்றுத் தாள் வைக்கலாமா?

நீலத்திரை:
வெற்றுத் தாள் உங்களுக்குச் சரிவராது. இருபுற ஸ்கேனில் ஒருபக்க பில்லின் பின்புறமும் வெற்றுதான். ஒவ்வொரு தாளிலும் பிரிந்துவிடும். நீக்கத்தை ஆன் செய்தாலோ, பிரிக்கும் தாளும் சேர்ந்து போய்விடும். கோடு 128 (Code 128) வகைப் பார்கோடு அச்சிட்ட பிரிப்புத் தாளை ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால் வையுங்கள், கோப்பில் அந்தப் பக்கம் சேராதபடி அமையுங்கள். இயந்திரத்தில் அந்த வசதி இல்லையென்றால் சர்வரில் உள்ள நிரல் பிரிக்கட்டும்.

வலைமுடிச்சு:
அந்த நிரல் கோப்பு தோன்றியவுடன் பாயக்கூடாது. பெரிய கட்டு ஃபோல்டருக்கு வந்து சேர நேரமாகும், பாதிக் கோப்பைப் பிடித்தால் ‘பிடிஎஃப் சேதம்’ என்று வரும். அளவு 10 வினாடி மாறாமல் நின்ற பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.