பதின்ம வயதுப் பிள்ளையோடு ராஃப்டிங் (வேகமான ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்): உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செந்தூல்வாசி:
கோலக்குபு பாருவை இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் சிலாங்கூர் ஆற்றையும் அதன் மேலுள்ள அணையையும் நான் விவரிக்கப் போவதில்லை. அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டிருந்த ஒரு காலை வேளையில், நான்காம் படிவம் படிக்கும் என் மகள் படகின் முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கி அமர்ந்திருந்தாள். மூன்றாவது இறக்கத்தில் படகின் இடப்பக்கம் ஒரு பாறைமேல் ஏறிச் சாய்ந்தபோது, அவள் சத்தமே இல்லாமல் நீருக்குள் போய்விட்டாள். நுரைக்கு நடுவே அவளுடைய மஞ்சள் தலைக்கவசம் மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும் என்று எனக்குப் பட்டதால், "எழுந்து நில்லும்மா!" என்று கத்தினேன். அதே நொடியில் எனக்குப் பின்னாலிருந்த வழிகாட்டி, "ஜாங்ஙான் பெர்டிரி!" (எழுந்து நிற்காதே!) என்று மலாயில் என்னைவிட உரக்கக் கத்தினார்.

ஓடும் நீரில் எழுந்து நின்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளை முகங்குப்புற அமுக்கிவிடும், ஆகவே மல்லாந்து பாதங்களை ஆறு போகும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரத்துக்கு முன்னர்தான் அவர் கரையில் படுத்தே காட்டியிருந்தார். அப்போது நான் கைப்பேசியை நீர் புகாத பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மல்லாந்து இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். கயிற்றை எறிந்து அவளைக் கரைசேர்த்தார்கள். நான் கத்தியதை அவள் தன் அம்மாவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா:
எங்களுக்கு நேர்ந்தது கோப்பேங்கில், கம்பார் ஆற்றில். உண்மையில் ஒன்றும் நேரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நல்ல வெயில். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கரையில் நின்றபோது வழிகாட்டி குனிந்து ஒரு கை நீரை அள்ளினார். அதில் பச்சை இலைகளும் சிறு குச்சிகளும் கிடந்தன. மலைப்பக்கம் பார்த்துவிட்டு, இன்று பயணம் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த இலைகள் கெபாலா ஆயேர், அதாவது மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளம், வருவதற்கான அறிகுறி. அது எப்படி வரும் என்று நமக்கெல்லாம் தெரியும்; நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை ஒரே அலையாக இறங்கும். தெரிந்திருந்தும், இரண்டு மணி நேரம் காரோட்டி வந்த களைப்பில் நான் அந்த மனிதரிடம் முன்பணத்துக்காக வாதாடினேன். என் மகன் வெட்கப்பட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் உடனே கிளம்பிவிட்டதால், அன்று வெள்ளம் வந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும் என்று மனம் விரும்புவதுதான் வேடிக்கை.

செராஸ் மாமா:
செந்தூல் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வயதுப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்ததே முதல் தவறு, கத்தியது இரண்டாவதுதான். என் கதை சிறியது: தங்கை மகன் ஒரு குலுக்கலில் துடுப்பின் மேல்முனையை விட்டுவிட்டான், அது என் முன்பல்லை உடைத்தது. அந்தக் கைப்பிடியை உள்ளங்கையால் எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பதை எத்தனை பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறீர்கள்? உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது பிள்ளையின் காது வரை ஏறினால் வார்களை இறுக்க வேண்டும் அல்லது சிறிய அளவு கேட்க வேண்டும். எறியும் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்க வேண்டும். சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் கட்டும் காலணி வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலை நேரத்தையே கேளுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலைப் போலத்தான் தொடங்கும். முதல் முறை போகிறவர்கள் சபாவின் கியூலு போன்ற சாதுவான ஆற்றில் தொடங்கலாம். பாடாஸ் ஆற்றின் மூன்றாம், நான்காம் நிலை வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் அக்கா:
மாமா, பினாங்கிலிருந்து கியூலுவுக்கு விமானம் ஏற வேண்டும். அதற்கும் முன்பணம் கட்டுவது நான்தான்.

செந்தூல்வாசி:
மாமா, முன்வரிசையை நான் கொடுக்கவில்லை. வழிகாட்டி எங்கள் இருவரின் துடுப்புப் பிடியையும் பார்த்துவிட்டு அவளை அங்கே அனுப்பினார், என்னைத் தமக்கு முன்னால் உட்காரவைத்துக்கொண்டார். அக்கா, கோப்பேங் பற்றி எழுதியதற்கு நன்றி. வரும் பள்ளி விடுமுறையில் அங்கே போக வேண்டும் என்று என் மகளே கேட்டிருக்கிறாள். கரையில் விளக்கம் நடக்கும்போது என் கைப்பேசி அவளிடம் இருக்க வேண்டுமாம். அது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.