நீர்நனையாமை திரும்பல்: பிளாஸ்மா பட்ட பலபடிப் பரப்புக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்மாவால், அதாவது மின்னேற்றம் பெற்ற வளிமத்தால், பதனிட்ட பலபடிப் பரப்பு (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றின் பரப்பு) முதலில் நீரை நன்கு ஏற்று, பிறகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ நீர் பரவாத தன் பழைய இயல்பை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. இந்நிகழ்வுக்கு 'நீர்வெறுப்பு மீட்சி', 'நனைதிறன் இழப்பு', 'பரப்பு மூப்பு' என்ற மூன்று பெயர்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நிகழ்வைச் சற்று விரித்துச் சொன்னால் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன். 20 டிகிரி செல்சியசில் நீரின் பரப்பு இழுவிசையோ 72.8. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் துளி பரவாமல் குவிந்து நிற்கிறது. 1805இல் தாமஸ் யங் விளக்கிய சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு நீரின் உட்புறமாக அமைக்கும் கோணம், 90 பாகையைத் தாண்டிவிடுகிறது. இதே தாளை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சில நொடிகள் வைத்தால், எலக்ட்ரான்களும் அயனிகளும் புறஊதா ஒளியும் பரப்பிலுள்ள பிணைப்புகளை அறுக்க, அறுந்த இடங்களில் ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகள் வந்து அமர்கின்றன. நீர் இவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ள முடிவதால் துளி படர்கிறது. சிலிக்கோன் ரப்பரில் மாற்றம் இன்னும் கூர்மையானது: 105 பாகைக்கு மேலிருந்த சேர்கோணம், மெத்தில் தொகுதிகள் நீங்கிச் சிலனால் தொகுதிகள் (சிலிக்கனோடு இணைந்த ஹைட்ராக்சில்) தோன்றியதும், 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பிளாஸ்டிக் உறைகளில் அச்சிடுவதற்கு முன் செய்யப்படும் கரோனா ட்ரீட்மென்ட்டும் காற்றழுத்தத்திலேயே நிகழும் ஒருவகைப் பிளாஸ்மாதான்.

ஆனால் இந்த மாற்றம் மேலுள்ள சில நானோமீட்டர் அளவுக்கே நிகழ்கிறது. அதற்குக் கீழே இருப்பது பழைய பலபடியே. சங்கிலிகள் அசையக்கூடியவை என்பதால், காற்றோடு தொடர்புள்ள பரப்பு தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ள, நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் போன்ற முனைவுத் தொகுதிகள் மெல்ல உட்பக்கம் திரும்பிவிடுகின்றன. சிலிக்கோனில் இதைவிட முதன்மையான வழி ஒன்று உண்டு: பிணையாமல் தங்கிய குறுஞ்சங்கிலிகள் உள்ளிருந்து கசிந்து வந்து, சிலிக்கா போன்று ஆகிவிட்ட மேலடுக்கின் மீது படர்கின்றன. குளிரில் வைத்தால் இது மந்தமாகும். நீருக்குள் வைத்தால் முனைவுத் தொகுதிகள் நீரை நோக்கியே இருக்கும் என்பதால் பெருமளவு தடைபடும். நுண்பாய்மக் கருவிகள், அதாவது மயிரிழை போன்ற கால்வாய்களில் நீர்மத்தைச் செலுத்தும் கருவிகள், செய்வோர் பிளாஸ்மா பட்ட சிலிக்கோனையும் கண்ணாடியையும் தாமதமின்றி ஒட்டிவிடுவது, பரப்பு இப்படிப் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும் என்பதால்தான்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'மூப்பு' என்பதை முதலில் விலக்கிவிடலாம். வெயிலிலும் காற்றிலும் பலபடி ஆக்சிஜனேற்றம் அடைந்து நொறுங்குவதே மூப்பு. அப்போது பரப்பில் முனைவுத் தொகுதிகள் கூடுவதே வழக்கம். நாம் பேசும் நிகழ்வில் அவை பரப்பிலிருந்து மறைகின்றன. எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தாது.

'மீட்சி' அழகான சொல்தான். ஆனால் நம் இயற்பியல் பாடநூல்களில் அது மீட்சித்திறன், மீட்சிக் குணகம் என்று வேறொரு பண்புக்கு நிலைத்துவிட்டது. மீட்சித்திறனுக்கே பெயர்பெற்ற சிலிக்கோன் ரப்பரைப் பற்றிய கட்டுரையில், இழுத்தால் திரும்பும் பண்புக்கும் நீரைப் பொறுத்த பண்புக்கும் ஒரே சொல் வந்தால் மாணவர் தடுமாறுவார். 'வெறுப்பு' என்ற பகுதியும் இயற்பியலுக்கு ஒவ்வாதது. சேர்கோணம் 100 பாகையாக உள்ள பரப்பிலிருந்தும் நீரைப் பிரித்தெடுக்கச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிஜூல் வேலை செய்தாக வேண்டும். அங்கே ஈர்ப்பு இருக்கிறது. நீருக்குத் தன்மீதுள்ள ஈர்ப்பு அதைவிடப் பெரிது, அவ்வளவே. பாடநூல்களில் பரவிவிட்ட 'நீர்வெறுக்கும்' என்பதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. புதிதாக ஆக்கும் சொல்லிலும் அதே மனித உணர்ச்சியை ஏற்ற வேண்டுமா என்றே கேட்கிறேன்.

'நனைதிறன் இழப்பு' இவற்றைவிட நெருக்கமானது. அதன் முதற்பாதியை முழுமையாக ஆதரிக்கிறேன். நனைந்தது, நனைத்தது என்று தன்வினையையும் பிறவினையையும் தமிழ் பிரித்துக் காட்டுவதால், பரப்பின் பண்பை நனைதிறன் என்றும், சோப்புக் கரைசல் போன்ற நீர்மத்தின் ஆற்றலை நனைப்புத்திறன் என்றும் குழப்பமின்றி வேறுபடுத்தலாம். சிக்கல் 'இழப்பு' என்பதில் இருக்கிறது. அச்சிடுவோருக்கும் பசையால் ஒட்டுவோருக்கும் இது இழப்பே. ஆனால் உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் சிலிக்கோன் காப்பிகளை, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் தாங்கிகளை, பாருங்கள். கடலோரத்தில் உப்பும் தூசியும் படிந்த காப்பியின் மீது நீர் தொடர்படலமாகப் பரவினால் கசிவு மின்னோட்டம் பாயும். சிலிக்கோன் பரப்பில் நீர் தனித்தனித் துளிகளாக நிற்பதால் அந்த ஓட்டம் தடைபடுகிறது. சிறு மின்னிறக்கங்கள், அதாவது இயற்கையாக மூளும் குட்டிப் பிளாஸ்மாக்கள், பரப்பைத் தாக்கி இப்பண்பை அழித்தாலும், ஓய்வு கிடைத்தால் குறுஞ்சங்கிலிகள் மேலே வந்து அதை மறுபடி தருகின்றன. படிந்த அழுக்கின் மீதும் அவை பரவி, அழுக்கையே நீர் பரவாததாக ஆக்கிவிடுகின்றன. மின்பொறியாளர் இந்த வரவை நம்பியே காப்பியைத் தேர்கிறார். அவரிடம் போய் இதை இழப்பு என்று எப்படிச் சொல்வது?

எனவே 'நீர்நனையாமை திரும்பல்' என்பதை முன்மொழிகிறேன். நனையாமை என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூறுகிறது. பாலித்தீனில் எண்ணெய் நன்றாகவே படரும் என்பதால் 'நீர்' என்ற அடை தேவை. திரும்பல் என்றால் முழுமையாகத் திரும்பியதாகிவிடாதா, பல பரப்புகளில் சேர்கோணம் பழைய அளவை எட்டுவதில்லையே என்று கேட்கப்படலாம். காய்ச்சல் திரும்பிவிட்டது என்று சொல்லும்போது முன்பிருந்த அதே சூடு என்று யாரும் கொள்வதில்லை. திரும்பும் வேகம், திரும்பலைத் தடுத்தல் எனத் தொடர்களும் எளிதாக அமைகின்றன.

தாமரை இலையை வைத்துச் சொல் ஆக்கும் ஆசை நம்மில் சிலருக்கு வரும். அங்கே 150 பாகைக்கு மேற்பட்ட கோணத்துக்கு மெழுகோடு நுண்மேடுகளும் காரணம்; மழமழப்பான பிளாஸ்டிக் தாளுக்கு அது பொருந்தாது. கார்பன் டெட்ராபுளோரைடு பிளாஸ்மா பரப்பில் புளோரினை ஏற்றி நனையாமையைக் கூட்டவும் செய்யும் என்பதால், 'பிளாஸ்மா பதனிடல்' என்ற சொல்லுக்கு நனைதிறனைக் கூட்டுதல் என்ற வரையறை கொடுத்துவிடக் கூடாது.

தீர்க்க வேண்டியது இன்னும் ஒன்று உள்ளது. துளியைப் பெருக்கும்போது அதன் விளிம்பில் அளக்கும் கோணமும், துளியை உறிஞ்சும்போது அளக்கும் கோணமும் ஒன்றல்ல; திரும்பலின்போது பொதுவாக முதலாவதே விரைந்து உயர்கிறது, இரண்டாவது நெடுநேரம் தாழ்ந்தே இருக்கக்கூடும். 'முன்னேறு கோணம்', 'பின்வாங்கு கோணம்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். இவற்றைவிடச் செறிவான இணைச்சொற்கள் இருந்தால் எழுதுங்கள். எந்தக் கோணத்தால் அளந்தது என்று குறிக்காமல் நீர்நனையாமை திரும்பலின் அளவைச் சொல்ல இயலாது.