ஊசி சிவப்பில், ரேடியேட்டர் சூடில்லை: சென்சாரா, எஞ்சினா?

பழையவண்டி: 2003 மாடல் சின்ன பெட்ரோல் கார். ஆபீஸ் விட்டு வரும்போது டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொடுகிறது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கூலன்ட் குறையவில்லை, ஃபேன் ஓடவில்லை. ரேடியேட்டரைக் கையால் தொட முடிகிறது. மீட்டர்தான் பொய் சொல்கிறது போல. அப்படியே ஓட்டலாமா?

ஸ்பேனர்_மதுரை: சென்சார் போயிருக்கும் சார். மலிவான சாமான். மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

ஓம்விதி: ரேடியேட்டர் சூடில்லை என்றால் எஞ்சினும் சூடில்லை என்று யார் சொன்னது? தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) மூடியபடி மாட்டிக்கொண்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே வராது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், இங்கே கை வைத்தால் சுடாது. ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும் வண்டி என்றால் ஃபேனும் சுற்றாது. அளந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஹெட் கேஸ்கட் போனால் செலவு யார் தலையில்?

ஸ்பேனர்_மதுரை: அப்படி மாட்டியிருந்தால் ரிசர்வ் டேங்க் பொங்கியிருக்குமே. அவருக்குச் சொட்டுக்கூடக் குறையவில்லை. ஏன் சும்மா பயமுறுத்துகிறீர்கள்?

ஓம்விதி: உடனே பொங்காது அண்ணே. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும்.

புதுடிரைவர்: ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனிலேயே எஞ்சின் சூடு தெரியுமே. இதற்கு ஏன் சண்டை?

ஓம்விதி: 2003 வண்டியில் எங்கே செருகுவது தம்பி? நம் நாட்டுக் கார்களில் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் அமைப்பு) கட்டாயமானதே 2010-க்கு அப்புறம்தான்.

பழையவண்டி, இப்படிச் செய்யுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஊசி மேலே ஏறினால் கோளாறு மின்சாரத்தில்தான். அடுத்து, ஊசி சிவப்பில் நிற்கும்போது கேஜ் சென்சாரின் ஒற்றை ஒயரைக் கழற்றுங்கள். ஊசி விழாமல் நின்றால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, இல்லாவிட்டால் மீட்டர் பக்கம் பழுது. விழுந்தால் ஒயர் சரி. சென்சார் கெட்டிருக்கலாம், எஞ்சின் நிஜமாகவே சூடாகியும் இருக்கலாம். அதனால் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று வாங்கி தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளந்துவிடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

பழையவண்டி: பார்த்துவிட்டேன். காலையில் ஊசி அடியில்தான் இருக்கிறது. ஒயரைக் கழற்றினால் விழுகிறது. ஆனால் ஊசி சிவப்பில் இருக்கும்போதே ஹவுசிங் 86 டிகிரிதான். இன்னொன்று கவனித்தேன்: பகலில் ஊசி நடுவில்தான் நிற்கிறது. ஹெட்லைட், ப்ளோவர் போட்டதும் ஏறுகிறது. கூடவே பெட்ரோல் ஊசியும் கொஞ்சம் ஏறுகிறது!

ஸ்பேனர்_மதுரை: ரெண்டு ஊசியும் ஏறினால் மீட்டருக்குள் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் அவுட்.

ஓம்விதி: ஸ்டெபிலைசர் போனால் பகலிலும்தானே ஏறும்? லைட் போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் எர்த்தைத்தான் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) முதலில் சந்தேகப்பட வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மீட்டர் போர்டின் எர்த் ஒயரிலும் வையுங்கள். ஹெட்லைட் எரியும்போது 0.2 வோல்டைத் தாண்டினால் அந்த எர்த் மோசம்.

பழையவண்டி: 1.3 காட்டுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடக்கிறது.

ஸ்பேனர்_மதுரை: சரி, சுரண்டி இறுக்குங்கள். எதற்கும் சென்சாரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பழைய வண்டி.

ஓம்விதி: நன்றாக இருப்பதை எதற்கு மாற்ற? அப்படியே மாற்றினாலும் மரையில் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். அந்தச் சென்சாருக்கு எஞ்சின் பிளாக்தான் எர்த். அது அறுந்தால் எஞ்சின் நிஜமாகவே கொதிக்கும்போதுகூட ஊசி எழுந்திருக்காது.

ஸ்பேனர்_மதுரை: டேப் சுற்றாமல் போட்டால் கூலன்ட் கசியும், அப்போதும் நான்தான் வர வேண்டும்.

ஓம்விதி: காப்பர் வாஷர் என்று ஒன்று இருக்கிறது அண்ணே.