மாடியில் மறுபடியும் தோட்டம்: கையில் 1,500 ரூபாய், மழைக்கு மூன்று வாரம்

வேளச்சேரி வாடகைக்காரன்:

வணக்கம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். போன ஆடியில் ஆன்லைன் கடை ஒன்றில் 12 க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை), தென்னை நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல் வாங்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை வைத்தேன். புரட்டாசி வரை பார்க்கவே அழகாக இருந்தது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் தக்காளி இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. பிடித்து இழுத்தேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. வேர் அழுகி ஒரே நாற்றம். அது போதாதென்று பையிலிருந்து வடிந்த காபி நிறத் தண்ணீர், வீட்டுக்காரர் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் கோடு போட்டுவிட்டது.

"இன்னொரு தடவை செஞ்சு பாருங்க, ஆனா சுவர் பத்திரம்" என்று அவர் பெரிய மனது பண்ணியிருக்கிறார். மனைவி கணக்கு வேறு: கீரைக்காரம்மா தினமும் வாசலுக்கே வருகிறார், எதற்கு இந்த வம்பு? 1,500 ரூபாய்க்கு மேல் இறங்கக் கூடாது என்று பேச்சு. இப்போதே தொடங்கலாமா, தை வரை காத்திருக்கலாமா? பழைய பை ஏழு தேறும்.

அம்பத்தூர் அவரை:

தை வரை பொறுங்கள் சார். விதைக்க ஆடியை விட்டால் தைப் பட்டம்தான். நடுவில் போடுகிற விதை மழையோடு போகும்.

பெரம்பூர் மொட்டைமாடி:

அம்பத்தூர்க்காரர் சொல்வது தக்காளிக்குச் சரி. எல்லாவற்றுக்கும் இல்லை.

தம்பி, பதினோரு வருஷமாக மாடியில் செடி வைக்கிறேன். முதல் இரண்டு வருஷம் உங்கள் கதைதான் எனக்கும். நம் சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். தண்ணீரை வெளியே அனுப்புவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் பழைய பையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் துவாரம் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் பையே தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அடியில் ஓட்டை போடுவதை விட்டுவிட்டேன். பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் ஆறு ஓட்டை. பழைய ஸ்குரூ டிரைவரைக் காய்ச்சிக் குத்தினால் போதும் (மாடியில் வைத்துச் செய்யுங்கள், புகை பொல்லாதது). உள்பக்கம் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கொட்டாங்கச்சித் துண்டைச் சாய்த்து வைத்தால் மண் வந்து அடைக்காது. ஒவ்வொரு பையும் மூன்று செங்கல் மேல்.

அடுத்தது மண். வெறும் நார்க்கழிவில் வைத்திருப்பீர்கள். கோடையில் அது தெய்வம். மழையில் அதுவே எமன், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. உங்கள் சுவரில் கோடு போட்டதும் அதன் சாயம்தான். மழைக்காலத்துக்கு நார் ஒரு பங்கு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு பங்கு உடைத்த செங்கல் ஜல்லி. பக்கத்தில் எங்காவது வீடு இடித்தால் சும்மாவே கிடைக்கும். பாரம் கூடும், அதனால் நடுமாடியில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள். உரத்தை ஒரேயடியாகக் கலந்தால் மழை கரைத்துக்கொண்டு போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி மேலாகத் தூவினால் போதும்.

விதைக்குக் காசே வேண்டாம். கீரைக்காரம்மாவிடம் பொன்னாங்கண்ணி வாங்கி இலையை ஆய்ந்துகொண்டு தண்டை நடுங்கள். புதினாவும் அப்படித்தான். கொடிப்பசலைத் தண்டு ஒரு சாண் இருந்தால் பிடித்துக்கொள்ளும். வல்லாரைக்கு ஈரம் என்றால் கொண்டாட்டம். சேப்பங்கிழங்கு முளை விட்டிருந்தால் அதையும் புதையுங்கள். அரைக்கீரை, சிறுகீரை விதை மட்டும் இப்போது வேண்டாம். ஒரே மழையில் விதை எல்லாம் ஓரமாக ஒதுங்கிவிடும்.

தக்காளி விதையைக் கார்த்திகைக் கடைசியில் டீக்கடைப் பேப்பர் கப்பில் போட்டு, ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். மார்கழியில் பைக்கு மாற்றலாம், மாசியில் பழம்.

இன்னொன்று. மாடியின் மழைநீர்க் குழாய் வாயை நார் அடைத்தால் மாடி குளமாகிவிடும், கீழ் வீட்டுக் கூரை ஒழுகும். வாய் மேல் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, செங்கல் பாரம் வையுங்கள். பைக்குக் கீழே தட்டு கிட்டு வைக்காதீர்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

திருவொற்றியூர் காற்று:

பெரம்பூர் அம்மா மழையைச் சொல்லிவிட்டார், நான் காற்றைச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது டிரம்மில் வைத்த முருங்கை டிரம்மோடு உருண்டு பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்கில் மோதியது. டேங்க் தப்பித்தது, உறவு தப்பிக்கவில்லை. மூன்றாவது மாடியில் இடுப்பு உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். புயல் என்று சொன்னால் பையை எல்லாம் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கி ஒரே கயிற்றால் கட்டுங்கள். கொடிப்பசலைப் பந்தலைக் கீழே இறக்கிவிடுங்கள்.

வேளச்சேரி வாடகைக்காரன்:

அம்மா, சொம்புச் சோதனை செய்தேன். ஏழு பையில் ஐந்தில் ஒரு சொட்டு வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால், துவாரத்து வளையத்தில் பழைய வேரும் நாரும் சேர்ந்து தக்கை மாதிரி இறுகிக் கிடக்கிறது. குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒரு வருஷமாக உள்ளே இருந்த தண்ணீர்!

இதுவரை செலவு: செம்மண் மூன்று மூட்டை 360, தொழு உரம் 150, காயலாங்கடையில் பெயின்ட் வாளி மூன்று 120. ஆக 630. ஜல்லி எதிர் வீட்டில் இலவசம். வாளியில் பொன்னாங்கண்ணி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பெரம்பூர் மொட்டைமாடி:

பெயின்ட் வாளியில் சாப்பிடுகிற செடி வேண்டாம் தம்பி. எவ்வளவு கழுவினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் செம்பருத்தி, நந்தியாவட்டை வையுங்கள். கீரைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் விரிசல் விட்ட கேன் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் தெருவில் 20 ரூபாய்க்குத் தருகிறார். கழுத்தோடு அறுத்துவிட்டால் நல்ல வாய் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும், அதனால் வெளியே பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள்.