ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு ஃபேகோ: எதில் கை பழகுவது?

கேள்வி:
பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலையில் சேர்கிறேன். கடைசியாக ஃபேகோ (கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன்) செய்து ஒன்பது மாதம் ஆகிறது. 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் ஆபரேஷன் லிஸ்டே இல்லாமல் இருந்து திரும்பியபோது, முதல் கேஸிலேயே ரெக்சிஸ் (கேப்சூலின், அதாவது லென்ஸ் உறையின், முன்பக்கத்தில் வட்டமாகக் கிழிக்கும் திறப்பு) ஓரத்துக்கு ஓடிவிட்டது. எப்படியோ மீட்டேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் முந்தைய இரவு முழுக்கத் தூக்கமில்லை. இந்த முறை ஒரு நோயாளியின் கண்ணில் கை பழக எனக்கு மனமில்லை. எங்கள் மருத்துவமனையில் சிமுலேட்டர் (கணினியில் ஆபரேஷன் பழகும் கருவி) கிடையாது. ஆட்டுக்கண் போதுமா?

பதில் 1:
நல்லதும்மா. காலையில் வெட்டியதும் வாங்கி ஐஸில் வைத்து, அன்றைக்கே முடித்துவிடுங்கள். நேரம் போகப் போகக் கருவிழி மங்கிவிடும், உள்ளே ஒன்றும் தெரியாது. வெட்டுக்கும் தையலுக்கும் அருமையாக இருக்கும். ரெக்சிஸுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். ஆட்டின் கேப்சூல் தடிப்பு, ரப்பர் மாதிரி இழுக்கும். அந்த இழுவையே கையில் பழகிவிட்டால் ஆபத்து. அதற்கு நான் தக்காளித் தோலைத்தான் சொல்வேன். அப்புறம், பழகும் கருவிகள் தியேட்டர் பக்கமே போகக் கூடாது.

பதில் 2:
மேடம், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது எனக்குக் கையைவிடக் கால்தான் தடுமாறியது. ஃபேகோ மெஷினின் கால் பெடலில் முதல் படி தண்ணீர், இரண்டாவது உறிஞ்சுதல், மூன்றாவது அல்ட்ராசவுண்ட். புரையின் கடைசித் துண்டு போன நொடியில் கால் இறங்காவிட்டால் பின்கேப்சூல் (லென்ஸ் உறையின் பின்பக்கம்) கருவியின் முனைக்கே வந்துவிடும். முனையைத் தண்ணீரில் வைத்து, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுப் படி படியாக ஏறி இறங்குங்கள். தினம் இருபது நிமிடம் செய்தேன், கால் திரும்பி வந்தது.

பக்கத்தில் எங்காவது ஐஸி (Eyesi) என்ற கண் ஆபரேஷன் சிமுலேட்டர் இருந்தால் இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் 2009 முதல் 2015 வரையிலான கணக்கில், அது பரவலானபோது பயிற்சி மருத்துவர்கள் கையில் பின்கேப்சூல் கிழிவது 4.2 சதவீதத்திலிருந்து 2.6 ஆக இறங்கியது. அது புதியவர்கள் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கருவிழியை எத்தனை முறை தொட்டோம் என்று அது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். பக்கத்தில் நிற்கும் ஜூனியர் சொல்லமாட்டார்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். கால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கறிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், நாளை காலை ஆறு கண். முதல் வாரம் மூன்று கேஸ் போதும், பக்கத்தில் சீனியர் இருக்க வேண்டும் என்று எங்கள் சீஃபிடமும் கேட்டிருக்கிறேன்.