கயிறும் வாளியும் சேர்த்துக் கொடுங்கள்: துணி நாப்கின் கொண்டுபோனவர்களின் அனுபவங்கள்

தொடங்குபவர்: தையற்காரர், வேதாரண்யம் பக்கம்

துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கினையும், உடலுக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணமான மாதவிடாய்க் கோப்பையையும் வாங்க வசதியில்லாத பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கொடுத்த அன்று என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனீர்களா? போனவர்கள் கண்டதை எழுதுங்கள். நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. கூரை வீடுகளுக்குக் கூரை இல்லை. பள்ளிக்கூடங்கள் முகாம்கள் ஆயின. அரிசி, போர்வை, பிஸ்கட்டோடு நாப்கின் பெட்டிகளும் லாரிகளில் வந்தன. அனுப்பியவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் பல ஊர்களில் பெண்களுக்கென்று அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது? முகாமுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. மூன்றாம் நாள் அது நிரம்பிவிட்டது. நான்காம் நாள் நாய்கள் இழுத்துக்கொண்டு வந்து விளையாட்டு மைதானத்தில் போட்டன. அதைப் பார்த்த பெண் பிள்ளைகள் அவமானத்தில் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் எங்கள் சுயஉதவிக் குழுவில் துணி நாப்கின் தைப்பது என்று முடிவு செய்தோம். ஆரோவில்லில் இருக்கும் எக்கோஃபெம் நிறுவனத்தின் துணி நாப்கினைப் பார்த்திருந்தேன். நடுவில் உறிஞ்சும் துணி, மேலே மெல்லிய பருத்தி, இறக்கையில் டிச் பட்டன். அதே முறையில் தைத்தோம். ஒருவருக்கு நான்கு என்று பை போட்டுக் கட்டி, தைப்பொங்கல் முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி மாதம் ஒரு வீட்டுக்குத் துணி அளவெடுக்கப் போனேன். தார்ப்பாய் போட்ட கூரை. மூங்கிலுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு பாலித்தீன் பை செருகியிருந்தது. பூப்போட்ட துணி தெரிந்ததால் என் கைவேலை என்று அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்கிப் பிரித்தேன். நான்கும் ஈரம் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தையல் ஓரம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி. மழைக்கால மூட்டையைப் போல ஒரு வாடை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "அரிப்பு எடுக்கிறது அக்கா, அதனால் பழைய சேலைக்கே போய்விட்டேன்" என்றாள்.

"ஏன் வெயிலில் போடவில்லை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் மாமியார் வாசலிலிருந்தே பதில் சொன்னார்: "எந்த வெயிலில் போடுவது? மாமனார் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு எதிரிலா? தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். குடிக்க வைத்திருப்பதில் இதை அலசுவதா?"

அந்த வீட்டில் தண்ணீருக்கு இருந்தது ஒரே ஒரு குடமும் ஓர் அண்டாவும்தான். கொடி, வாசலில் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கட்டிய ஒரே கொடி. நாங்கள் நாப்கினின் அகலத்தை அரை அங்குலம் கூட்டலாமா குறைக்கலாமா என்று ஒரு மாதம் பேசியிருக்கிறோம். அது காயப்போகும் இடத்தை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். இறக்கையும் பட்டனும் தனியாக, உறிஞ்சும் துணி தனியாக என்று பிரித்தோம். உள்துணியை விரித்தால் சதுரமான கைக்குட்டைதான். கொடியில் கிடந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒற்றை மடிப்பு என்பதால் ஐப்பசி மழையிலும் சீக்கிரம் காய்கிறது. இரண்டாவது, பையோடு மூடி போட்ட சிறு வாளி ஒன்று, நைலான் கயிறு பத்து அடி, கவ்விகள் ஆறு, ஒரு பார் சோப்பு. மூன்றாவது, கொடுக்கும் முன்பே அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து கொடி கட்டும் இடத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஒரு தெருவில் கோழிக்கூண்டின் மேல்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல வெயில் விழும் இடம், ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அந்த யோசனை ஆயுளுக்கும் வந்திருக்காது.

தூத்துக்குடி உப்பளப் பகுதியிலிருந்து

தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தண்ணீர்தான். அத்தனையும் உப்புநீர்.

உப்பளத்து வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். பாத்தியில் இறங்கி உப்பை வாரி, தலைச்சுமையாகக் கரைக்கு ஏற்றும் வேலையில் பெண்கள்தான் அதிகம். மரமோ நிழலோ மறைவோ கிடையாது. நான் போய்ப் பார்த்த பாத்திகளின் பக்கம் கழிப்பறையும் இல்லை. சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீரே குடிக்காமல் மத்தியானம்வரை இருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் அந்த வேலையை நினைத்துப் பாருங்கள்.

என் சித்தி முப்பது ஆண்டு உப்பளத்துக்குப் போனவர். நான் துணி நாப்கின் பையைப் பெருமையாக நீட்டியபோது வாங்கவே இல்லை. தன் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தொடையின் உள்பக்கத்தைக் காட்டினார். தோல் தடித்துக் கறுத்து, பழைய தழும்பாக இருந்தது. "துணியில் உப்புநீர் பட்டால் அது துணி இல்லை, அரம். நடக்க நடக்க அறுக்கும்" என்றார். துணிக்குத்தான் அப்படி என்றில்லை, கடையில் வாங்கும் நாப்கினும் உப்புநீரும் வியர்வையும் பட்டால் ஓரத்தில் அறுக்கத்தான் செய்கிறது.

அதனால் உப்பளத்துக்கு என்று யோசித்தபோது மாதவிடாய்க் கோப்பைதான் பொருத்தமாகப் பட்டது. உள்ளே இருப்பதால் உப்புநீர் படாது, உரசாது. பன்னிரண்டு மணி நேரம்வரை தாங்கும் என்பதால் வேலை இடத்தில் மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் வைத்துப் போட்டுக்கொண்டு போய், வீட்டுக்கு வந்து எடுத்தால் போதும். முதலில் முன்வந்தவர்கள் ஏழு பேர். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். ஒருவருக்கு மூன்று மாதம் சரியாக வரவில்லை, விட்டுவிட்டார். மற்ற ஆறு பேரும் இப்போதும் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐந்து நாளும் சம்பளம் விடாமல் போனேன்."

மழைக்காலத்தில் உப்பு வேலை நிற்கும் மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வேலை இருக்கும் மாதங்களில் இந்த ஐந்து நாள் கூலி போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சித்திக்கு வயதாகிவிட்டது, மாதவிலக்கு நின்று பல ஆண்டு ஆயிற்று. கோப்பையைக் கையில் வாங்கி நசுக்கிப் பார்த்தார். நசுங்கி விரிவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

செவிலியர், நாகர்கோவில் (கேரளத்தில் வேலை பார்த்தவர்)

கோப்பை கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2018 வெள்ளத்தின்போது ஆலப்புழை முகாம்களிலும் வேதாரண்யத்து அக்கா சொன்ன அதே நாப்கின் குப்பைப் பிரச்சினைதான். அதிலிருந்துதான் 2019இல் ஆலப்புழை நகராட்சியும் மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரும் சேர்ந்து 'திங்கள்' என்ற பெயரில் ஐயாயிரம் கோப்பைகளைக் கொடுத்தன. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கெல்லாம் பெட்டியைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. பயிற்சி வகுப்பு நடந்தது, கேள்வி கேட்க ஆள் இருந்தது. பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஏறியதற்கு அதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

கோப்பை பாதுகாப்பானதா என்று கேட்பவர்களுக்கு: 2019இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. பாதுகாப்பானது என்பதே அதன் முடிவு. ஆனால் கருத்தடைக்காகக் கருப்பையில் காப்பர்-டி போட்டிருக்கும் பெண்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். கோப்பையின் பிடிப்பைத் தளர்த்தாமல் வெடுக்கென்று இழுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடலாம். ஆகவே கொடுக்கும் முன் தனியே அழைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். காப்பர்-டி இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகு ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கொதிக்கவைப்பது. மாதவிலக்கு முடிந்ததும் கோப்பையைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில்? எந்த அடுப்பில்? தீட்டு பார்க்கும் வீட்டில் சமையல் அடுப்பை அந்த நாளில் தொடவே விடமாட்டார்கள். நான் பார்த்த ஒரு பெண் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் கொதிக்கவைத்து, அந்த டம்ளரைத் துணிப்பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். ஒருநாள் மாமியார் அதை எடுத்து மோர் ஊற்றிக் குடித்துவிட்டார். வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பெண் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டாள். இப்போதெல்லாம் நான் கோப்பையோடு ஒரு சிறிய அலுமினியப் பாத்திரமும் தருகிறேன். அதன் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. எதற்கென்று வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். மறைத்துச் செய்யும்வரை இது நிலைக்காது.

திருமணமாகாத பெண்ணுக்குக் கொடுத்தால் தாய்க்கு ஒரு பயம் வரும், அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. அவர்களுக்குத் துணி நாப்கினைக் கொடுத்துவிடுகிறேன். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து

என் அம்மா தூய்மைப் பணியாளர். பயன்படுத்திய நாப்கினை நன்றாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. அப்படிக் கொடுக்கும் வீடுகளை அம்மா விரல்விட்டு எண்ணிவிடுவார். மற்றதையெல்லாம் சோற்றுப் பருக்கையிலிருந்து கையால்தான் பிரிக்கிறார். இங்கே துணிக்கு மாறியவர்கள் எல்லோருக்கும் அவர் சார்பில் ஒரு வணக்கம்.

செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர், திருவள்ளூர்

நான் சொல்லவிருப்பது ஜட்டியைப் பற்றி.

சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து தங்கும் இருளர் பெண்களுக்கு நாற்பது பை கொண்டுபோனோம். இறக்கை வைத்தது, பட்டன் வைத்தது, அழகான பொருள். ஒரு பாட்டி பட்டனைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இதை எதில் மாட்டுவது?" என்று கேட்டார். எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அங்கிருந்த பெரியவர்களில் பாதிக்கு மேல் உள்ளாடை அணிவதில்லை. இடுப்புக் கயிற்றில் துணியைக் கோவணம்போல் முன்னும் பின்னும் செருகிக்கொள்வதே அவர்கள் வழக்கம். நாங்கள் கொடுத்தது அவர்களுக்கு வெறும் பூப்போட்ட துணித்துண்டு.

அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு ஜட்டி வாங்கிக்கொண்டு போனோம். இளம் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். பாட்டியும் அவர் வயதுக்காரர்களும் வேண்டாம் என்றார்கள். பிறந்ததிலிருந்து போடாததை இப்போது போட்டால் புழுக்கம் தாங்காது, சூளைச் சூட்டில் வேலை செய்ய வேண்டுமே என்றார்கள். நியாயம்தானே. அவர்களுக்குக் கயிற்றில் கோக்கும்படியாக நாப்கின் தைக்க முடியுமா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் 'புது யுகம்' திட்டத்தில் நாப்கின் கிடைக்கிறது. 2012இலிருந்து நடக்கும் நல்ல திட்டம், 10 வயதிலிருந்து 19 வரைக்கும். சூளையில் ஒரு பதிமூன்று வயதுப் பெண் தனக்குக் கிடைத்த பொட்டலத்தில் பாதியை அம்மாவிடம் கொடுப்பதைப் பார்த்தேன். அம்மா வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். மகள் மறுபடி அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். அந்த அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். இன்னும் பதினைந்து ஆண்டாவது மாதவிலக்கு வரும். நாம் கொடுக்கும் துணி நாப்கின் முதலில் போய்ச்சேர வேண்டியது அவர்களைப் போன்ற தாய்மார்களிடம் என்று அன்று முடிவு செய்தேன்.

தொடங்கியவர், மறுபடியும்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சித்தி கோப்பையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

திருவள்ளூர்க்காரருக்கு: கயிற்றில் கோக்கும் வகையை நான் தைத்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள். இறக்கையும் பட்டனும் வேண்டாம். ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் ஓர் உறை தையுங்கள். இரு முனையிலும் துணியை மடித்து, விரல் நுழையும் அளவுக்கு வளையம் விடுங்கள். வளையம் கட்டாயம் இரட்டைத் தையல், இல்லையென்றால் நடக்கும்போது அதுதான் முதலில் பிரியும். கயிற்றுக்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், பாவாடை நாடா போதும். வளையத்திலிருந்து இடுப்புக் கயிறுவரை முடிந்துகொள்ளலாம். நீளத்தை அந்தப் பாட்டியின் இடுப்பில் வைத்துப் பார்த்து வெட்டுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். உள்துணி கைக்குட்டை வடிவிலேயே இருக்கட்டும். சூளைப் புழுதி படியும் என்பதால் அடர்ந்த காவி நிறத்தில் எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொல்லுங்கள், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

எத்தனை பேர் என்று எழுதுங்கள். இருபதுவரை இந்த வாரமே என்னால் தைத்து அனுப்ப முடியும். மோட்டார் எந்த நேரம் ஓடுகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், கொடி எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.