ஒரு போர்வெல்லில் மட்டும் நைட்ரேட் ஏறுவது ஏன்?

கேள்வி: நகரின் மூன்று குடிநீர் போர்வெல்களில் ஒன்றில் மட்டும் நைட்ரேட் (உரம், கழிவுநீரிலிருந்து நீரில் கலக்கும் உப்பு) லிட்டருக்கு 20-லிருந்து 38 மில்லிகிராமாகிவிட்டது. குளோரினைக் கூட்டலாமா?

பதில் 1: பயனில்லை. குளோரின் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது. முதலில் கேசிங் குழாயை, அதாவது துளையின் மேற்பகுதியில் இறக்கிய வெளிக்குழாயை, பாருங்கள். தரைக்கு மேல் 30 செ.மீ.யாவது நிற்கிறதா? குழாயைச் சுற்றி சிமென்ட் அல்லது பென்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) அடைப்பு விரிசல் விட்டிருந்தால் மேல்நீர் நேரே இறங்கும். மழைக்குப் பின் அளவு எகிறினால் சந்தேகம் அங்கேதான்.

பதில் 2: அருகில் கைவிட்ட போர்வெல் உண்டா? அது வழியாகவும் மேல்நீர் இறங்கும். மண் கொட்டி மூடியது மூடியதே அல்ல. அடிவரை குழாய் இறக்கி, கீழிருந்து மேலாகச் சிமென்ட் கூழ் ஏற்றுங்கள்; மேலிருந்து ஊற்றினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் தங்கும்.

பதில் 3: போர்வெல்லைச் சுற்றி மாசு சேராமல் காக்கும் பாதுகாப்பு எல்லையை வட்டமாக வரையாதீர்கள், நிலத்தடி நீர் வரும் திசையில் நீட்டுங்கள். அந்தப் பக்கம் ஒரு கண்காணிப்புக் கிணறும் வேண்டும்.